கார்டு வாங்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரே கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலோ ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலோ படிக்கிற பிள்ளைகள் ஒரு வகை. முதலாண்டில் வீட்டில் வாங்கித் தந்த லேப்டாப், மெஷின் லேர்னிங் பாடம் வந்ததும் திணறுகிறது. அடுத்த வகை ஸ்டுடியோக்காரர்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்தை 4கே-யில் எடுத்து வந்துவிடுகிறார்கள், எடிட் செய்ய உட்கார்ந்தால் டைம்லைன் நகர மறுக்கிறது. "லேப்டாப்புக்கு வெளியே கிராபிக்ஸ் கார்டு மாட்டலாமாமே?" என்றுதான் இரு வகையினரும் கேட்கிறார்கள்.

மாட்டலாம். டெஸ்க்டாப்பில் போடுகிற அதே கார்டுதான். அதை வைக்க ஒரு பெட்டி, பெட்டிக்குள் தனி பவர் சப்ளை, லேப்டாப்புக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான். 2016-இல் ரேசர் நிறுவனம் 'கோர்' என்ற பெட்டியை விற்கத் தொடங்கிய பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது.

சிக்கல் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கிறது. டைப்-சி போர்ட் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஓட்டை சார்ஜுக்கும் பென் டிரைவுக்கும் மட்டுமே இருக்கலாம். தேவைப்படுவது தண்டர்போல்ட் 3 அல்லது அதற்கு மேல். போர்ட் அருகே சிறிய மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள். குறி இல்லையென்றால் லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைத் தேடுங்கள். யு.எஸ்.பி4 என்று போட்டிருந்தால் இன்னும் கவனம்: கிராபிக்ஸ் கார்டுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பை அந்தத் தரம் எல்லாக் கருவிக்கும் கட்டாயமாக்கவில்லை. பட்ஜெட் லேப்டாப்புகள் பலவற்றின் கதை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆப்பிள் 2018-இல் இன்டெல் மேக்குகளுக்கு இந்த வசதியைத் தந்தது, அதுவும் ஏ.எம்.டி. கார்டுகளுக்கு மட்டும். எம்1 சிப் வந்தபோது அதையும் எடுத்துவிட்டது.

போர்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். டெஸ்க்டாப்பில் கார்டு 16 தடங்களில் மதர்போர்டோடு பேசும். தண்டர்போல்ட் 3 தருவது 4 தடம். சில பழைய லேப்டாப்புகளில் அதிலும் பாதி, 2 தடம்தான். கேபிளின் மேல் 40 கிகாபிட் என்று எழுதியிருந்தாலும், கார்டுக்குக் கிடைப்பது ஏட்டளவிலேயே 32, நடைமுறையில் அதற்கும் கீழே.

இந்தக் குறுகல் எல்லா வேலையையும் ஒரே மாதிரி பாதிக்காது. கேம் ஆடும்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிராசஸரும் கார்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். இழப்பு நன்றாகவே தெரியும். பிளெண்டரில் ரெண்டர் போட்டால் காட்சி முழுவதும் ஒருமுறை கார்டின் மெமரிக்குப் போய்விடும், பிறகு கார்டு தன்பாட்டுக்கு வேலை செய்யும். மாடல் கார்டின் மெமரிக்குள் அடங்கினால் டிரெயினிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். வீடியோ எடிட்டிங் இரண்டுக்கும் நடுவே. இன்னொன்று: மானிட்டரைக் கார்டின் எச்.டி.எம்.ஐ.யில் நேராகச் செருகுங்கள். லேப்டாப் திரையிலேயே பார்த்தால் படம் அதே கேபிளில் திரும்பி வரவேண்டும், இருக்கிற இடமும் குறையும்.

நம் ஊருக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. பராமரிப்புக்காக மின்வாரியம் கரன்ட்டை நிறுத்தும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடும், பெட்டி ஓடாது. வேலை நடுவே கார்டு சட்டென்று காணாமல் போனால் எடிட்டிங் மென்பொருள் அப்படியே விழுந்துவிடும், சில நேரம் விண்டோஸும் சேர்ந்து. ஆகவே பெட்டிக்கும் யு.பி.எஸ். வேண்டும். ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டு ஒன்றே முழுச் சுமையில் 170 வாட் வரை இழுக்கும் என்பதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். அடுத்தது பஞ்சு. தறி ஓடுகிற தெருவில் பக்கவாட்டில் வலைத் துளையுள்ள பெட்டியை வைத்தால், கார்டின் ஹீட் சிங்க்கில் வெள்ளைப் படலம் கட்டும். ஃபேன் கத்த ஆரம்பித்தால் திறந்து பிரஷ் போடுங்கள்.

விலைக்கு வருவோம். ரேசரின் கோர் எக்ஸ் 2018-இல் வந்தபோது வெறும் பெட்டிக்கே 299 டாலர், கார்டு தனி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் சேரும், பழுதானால் பக்கத்தில் சர்வீஸ் கிடைக்காது. பெட்டிக்குப் போகிற அந்தப் பணத்தில் செகண்ட் ஹேண்ட் பிராசஸர், போர்டு, எஸ்.எம்.பி.எஸ். போட்டு ஒரு டெஸ்க்டாப்பே எழுப்பிவிடலாம். அதில் கார்டு முழு வேகத்தில் ஓடும். ஸ்டுடியோக்காரர்களுக்கு என் பரிந்துரை அதுதான், தயக்கமில்லாமல். மாணவர்கள் முதலில் கூகுள் கோலாபைப் பாருங்கள். 16 ஜி.பி. டி4 கார்டை அங்கே நேர வரம்போடு இலவசமாகத் தருகிறார்கள், புராஜெக்ட் பலவற்றுக்கு அது போதும்.

அப்படியானால் இந்தப் பெட்டி யாருக்கு? தண்டர்போல்ட் உள்ள நல்ல லேப்டாப்பை ஏற்கனவே வைத்திருந்து, பகலில் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து, இரவில் வீட்டு மேஜையில் கனமான வேலை செய்பவருக்கு. மலிவு வழி ஒன்றும் உண்டு: லேப்டாப்பின் உபரி எம்.2 ஸ்லாட்டில் ஆக்குலிங்க் என்ற கேபிள் இணைப்புக்கான அடாப்டர் போட்டுக் கார்டை இணைப்பது. வேகம் தண்டர்போல்ட் 3-ஐ விட நன்றாகவே வரும். ஆனால் பின்மூடியைக் கழற்ற வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது உருவவோ செருகவோ கூடாது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஒரே எம்.2 ஸ்லாட் என்றால் அதில் எஸ்.எஸ்.டி. உட்கார்ந்திருக்கும், இந்த வழியை விட்டுவிடுங்கள்.