காயம் ஆறியது, காவல் ஓயவில்லை!

தலையில் அடிபட்டால் மூளைக்குள் நடப்பது என்ன?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப் பாதை. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். மூடுபனி இறங்கினால் எதிரே வரும் பஸ்கூடத் தெரியாது.

அங்கே ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலையில் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பிழைத்துக்கொள்கிறார். தையலும் பிரித்தாயிற்று. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள்.

உண்மையிலேயே போய்விட்டதா?

மூளையின் காவல்காரர்கள்

பழனி மலைச் சரிவில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் காட்டுப் பன்றியின் தொல்லை தெரியும். இரவில் விழித்திருந்து காவல் காப்பார்கள். மூளைக்குள்ளும் அப்படி ஒரு காவல் படை உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிரணுக்கள். பெயர், மைக்ரோகிளியா. 1919-ம் ஆண்டில் இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டிப் பெயர் சூட்டியவர், ஸ்பெயின் நாட்டு டாக்டர் ரியோ ஒர்த்தேகா.

சாதாரண நாட்களில் இவை மெல்லிய கிளைகளை நீட்டி, சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அடிபட்டதும் என்ன ஆகிறது?

சில நிமிடங்களிலேயே கிளைகள் காயத்தை நோக்கி நீளுகின்றன. 2005-ம் ஆண்டில் உயிருள்ள எலியின் மூளையில் விஞ்ஞானிகள் இதைக் கண்ணாரக் கண்டார்கள்.

அடுத்த சில நாட்களில் இவை உருவம் மாறுகின்றன, பருக்கின்றன, பெருகுகின்றன. செத்த உயிரணுக்களின் குப்பையை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன. வேலை முடிந்ததும் இவை அடங்கிவிட வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் அடங்குவதில்லை! தலையில் ஒரே ஒரு முறை பலமாக அடிபட்டு, பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைகளை ஸ்காட்லாந்து, அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். முடிவு 2013-ல் வெளியாயிற்று. அடிபட்டு 18 ஆண்டுகள் ஆன பிறகும், சிலருடைய மூளையில் காவல் படை ஓயவில்லை.

பன்றி ஓடிய பிறகும் தடியைச் சுழற்றும் காவல்காரன் பயிரையே அடித்துவிடுவான் அல்லவா? அதுபோல, ஓயாத காவல் நல்ல நரம்புகளையும் கெடுக்கக்கூடும். அதை அடக்குவதற்கு, பலன் உறுதியான மருந்து இன்னும் வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது.

வீட்டார் கவனத்திற்கு

அடிபட்டவருக்கு வாந்தி, அதிகமாகும் தலைவலி, மயக்கம், வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மாதங்கள் கழித்து மறதி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் தலைகாட்டலாம். "இவருக்குத் திமிர்" என்று ஏசாதீர்கள். அது அடிபட்ட மூளையின் வேதனையாக இருக்கலாம். பழைய அடியைச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.

மலைப் பாதையானாலும் சரி, கடைத்தெருவானாலும் சரி, தலைக்கவசம் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். மூளைக்குள் இருக்கும் காவல், அடி விழுந்த பிறகுதான் ஓடி வரும். அடி விழாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது!