ஆண்டவர் ஏன் காத்திருக்கிறார்?



சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம் ஒரே ஆட்டோவில்தான் போவேன். அதன் ஓட்டுநர் ஓர் இந்து சகோதரர். நான் வீட்டிற்குள் செபித்துக்கொண்டிருக்கும்போது அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக நிற்பார். ஒருநாள் திரும்பி வரும் வழியில் கேட்டார்: "ஃபாதர், செத்த பிறகு கணக்குப் பாப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க சாமி எப்படிக் கணக்குப் பாப்பாரு?"

அன்று மாலை எனக்குத் திருமணத் தயாரிப்பு வகுப்பு இருந்தது. "நல்ல கேள்வி கேட்டீங்க. இன்னொரு நாள் ஆற அமரப் பேசுவோம்" என்றேன். நான்கு மாதங்கள் கழித்து அவர் மாரடைப்பால் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவருடைய மனைவி சொன்னார்: "ஃபாதர்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன், சொல்றேன்னிருக்காருன்னு அடிக்கடி சொல்லுவாருங்க."

அந்த நான்கு மாதங்களில் எத்தனையோ முறை அவருடைய ஆட்டோவில் ஏறினேன். அவரை அவசரப்படுத்தக் கூடாது, நம்பிக்கையை யார் மீதும் திணிக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதைப் பொறுமை என்றே எண்ணினேன். உண்மையில் அது பொறுமைதானா, அல்லது பொறுமை என்று பெயர் சூட்டப்பட்ட தயக்கமா? இக்கேள்வி என்னை இன்றும் விடவில்லை. கிறிஸ்தவப் பொறுமை, இறைவனின் தீர்ப்பு, நம்பிக்கையைப் பகிரும் கடமை ஆகிய மூன்றும் எப்படி ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன என்று இன்று சிந்திப்போம்.

வயலும் களையும்

தம் வயலில் நல்ல விதை விதைத்த ஒருவரைப் பற்றி ஆண்டவர் இயேசு உவமை சொன்னார் (மத் 13:24-30). இரவில் பகைவன் வந்து களைகளை விதைத்துவிட்டுப் போகிறான். பணியாளர்கள் உடனே பறித்துவிடத் துடிக்கிறார்கள். வீட்டுத் தலைவரோ அறுவடைவரை இரண்டும் சேர்ந்து வளரட்டும் என்கிறார்.

பாலஸ்தீன நாட்டில் கோதுமையோடு முளைக்கும் ஒருவகைக் களை, கதிர் விடும்வரை பார்ப்பதற்குக் கோதுமையைப் போலவே இருக்கும். அதன் வேர்கள் கோதுமையின் வேர்களோடு பின்னிக்கொள்ளும். நெற்பயிரோடு நெற்பயிராக நிற்கும் புல்லைக் குனிந்து பார்த்துப் பறித்துப் பழகிய நம் தாய்மார்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகப் புரியும். அவசரப்பட்ட கை நல்ல பயிரையும் பிடுங்கிவிடும்.

ஆனால் வயலுக்கும் மனித வாழ்வுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வயலில் களை ஒருநாளும் கோதுமையாக மாறாது; மனிதர் மாறலாம். தொடக்கத்தில் களையாக இருக்கும் பலர் பின்னர் நல்ல பயிராகிறார்கள் என்ற கருத்தைப் புனித அகுஸ்தீனார் இந்த உவமையை விளக்கும்போது எழுதியுள்ளார். அவர் தம் சொந்த வாழ்வையே சொன்னார் எனலாம். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயர் கொள்கையில் இருந்தவர் அவர். 387-ஆம் ஆண்டு மிலான் நகரில் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய இருபதாவது வயதிலேயே யாராவது களை என்று பறித்திருந்தால், திருச்சபை ஒரு மறைவல்லுநரை இழந்திருக்கும்.

ஆண்டவர் காலம் தாழ்த்துவதாகச் சிலர் குறைப்பட்டபோது, புனித பேதுரு இதைத்தான் விளக்கினார். யாரும் அழியக் கூடாது, எல்லாரும் மனம் மாற வேண்டும் என்பதற்காகவே அவர் பொறுமையாய் இருக்கிறார் (2 பேது 3:9).

தீர்ப்பு உண்டு

இறைவன் பொறுமையாக இருப்பதால் தீர்ப்பே இல்லை என்று ஆகிவிடாது. உவமையில் அறுவடை நாள் வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நமக்கு இரண்டு தீர்ப்புகளைப் பற்றிக் கற்பிக்கிறது. ஒவ்வொருவரும் இறந்தவுடன் கிறிஸ்துவின் முன் பெறுவது தனித்தீர்ப்பு (1021-1022). உலக முடிவில் ஆண்டவர் மாட்சியோடு வரும்போது அனைவர் முன்னிலையிலும் வெளிப்படுவது பொதுத்தீர்ப்பு (1038-1041). பொதுத்தீர்ப்பைப் பற்றிய செய்தியே, காலம் இருக்கும்போதே மனம் திரும்புங்கள் என்ற அழைப்பு என்றும் அது கூறுகிறது.

தீர்ப்பு என்றதும் நமக்கு அச்சம் வருகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டு எதிர்நோக்கைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் இதை வேறு கோணத்தில் பார்க்கிறார். வரலாற்றில் நீதி கிடைக்காமல் இறந்துபோன எண்ணற்ற மக்களுக்கு இறுதித் தீர்ப்பு ஒரு நம்பிக்கைச் செய்தி. அநீதி இழைத்தவரும் அதற்கு ஆளானவரும் எதுவுமே நடக்காததுபோல் ஒரே பந்தியில் உட்கார வைக்கப்படமாட்டார்கள். ஏழையின் கண்ணீரை இறைவன் மறப்பதில்லை.

ஆனால் தீர்ப்பு நம் கையில் இல்லை. தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் ஊரின் மீது வானத்திலிருந்து நெருப்பு இறங்கும்படி செய்யலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, இயேசு அவர்களைத்தான் கடிந்துகொண்டார் (லூக் 9:51-56). கோவிலுக்கு வராதவர், வேறு சமயத்தவர், குடிப்பழக்கத்தில் விழுந்தவர் ஆகியோரைக் குறித்து "அவன் கதை முடிந்தது" என்று சொல்லும் உரிமை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

மண்வெட்டியோடு காத்திருப்பவர்

அப்படியானால் நாம் சும்மா இருந்தால் போதுமா? இங்கேதான் இன்னோர் உவமை நமக்கு உதவுகிறது (லூக் 13:6-9). மூன்று ஆண்டுகளாகக் கனி கொடுக்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். இதை வாசிக்கும்போது "இன்னும் ஓர் ஆண்டு" என்பதையே நாம் கவனிக்கிறோம். அதை அடுத்து அவர் கூறுவதைக் கவனிக்கத் தவறுகிறோம். சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாக அவர் வாக்களிக்கிறார்.

கிறிஸ்தவப் பொறுமை என்பது இதுதான். அது கையில் மண்வெட்டியோடு காத்திருப்பது. இறைவன் தரும் காலம், நாம் உழைப்பதற்கான காலம். அந்த ஓர் ஆண்டு முழுவதும் மர நிழலில் படுத்திருந்துவிட்டு, "நான் பொறுமையாக இருந்தேன்" என்று தோட்டக்காரர் சொல்ல முடியுமா? ஆபத்தைக் கண்டும் எச்சரிக்காத காவலாளியிடம் கணக்குக் கேட்பேன் என்று எசேக்கியேல் வழியாக ஆண்டவர் கூறுவதும் இதே உண்மையைத்தான் (எசே 33:1-9).

திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1975-ஆம் ஆண்டு நற்செய்தி அறிவிப்பைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் இதை நேரடியாகவே கேட்கிறார். நாம் அறிவிக்காவிட்டாலும் இறைவன் தம் இரக்கத்தால் மற்றவர்களை மீட்க முடியும். ஆனால் அலட்சியத்தாலோ அச்சத்தாலோ வெட்கத்தாலோ அறிவிக்கத் தவறும் நாம் மீட்படைய முடியுமா? இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்டோ நினைவுக்கு வருகிறது.

உதயகிரிக் கோட்டையில் ஓர் உரையாடல்

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்டவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி டி லனாய். கைதியாக வந்த அவர், பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்கே பயிற்சி அளிப்பவரானார். கத்தோலிக்கரான அவர் குருவோ துறவியோ அல்லர். ஒரு படைவீரர், குடும்பத் தலைவர்.

அரசுப் பணியில் இருந்த நட்டாலத்து நீலகண்டன் அவருக்கு அறிமுகமானார். நீலகண்டனின் வீட்டில் கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. மனமுடைந்திருந்த அவருடைய துயரத்தை டி லனாய் கேட்டார். பிறகு, அனைத்தையும் இழந்தும் இறைவனை விடாமல் பற்றிக்கொண்ட யோபுவைப் பற்றி எடுத்துச் சொன்னார். அவர் நீலகண்டனின் நம்பிக்கையைப் பழிக்கவில்லை, நரகத்தைக் காட்டி மிரட்டவுமில்லை. "இன்னொரு நாள் பேசுவோம்" என்று தள்ளிப் போடவும் இல்லை. காயம்பட்டவருக்குத் தேவையான சொல்லை, தேவையான நேரத்தில் சொன்னார்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய துணைவியார் பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். 1749-இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமை மீது அமர்த்தி ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டார். துன்புறுத்தியவர்கள் மீது அவர் நெருப்பைக் கேட்கவில்லை. தம்மைக் காண வந்தவர்களிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவும் இல்லை. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

டி லனாய் 1777-இல் இறந்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் இன்றும் உள்ளது. யோபுவைப் பற்றிச் சொன்ன அன்று, தாம் பேசிக்கொண்டிருப்பது ஒரு புனிதரோடு என்று அவர் அறிந்திருக்க மாட்டார். அவர் கொத்தி எருப் போட்டார். கனி தந்தவர் இறைவன்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கேட்போம். பக்கத்து வீட்டுக்காரரின் துயரத்தை முழுமையாகக் கேளாமல் நாம் பேசும் நற்செய்தி, அவர் காதில் வெறும் விளம்பரமாகவே விழும்.

இரண்டாவது, கேட்கப்பட்டால் பதில் சொல்வோம். நம் எதிர்நோக்கைக் குறித்து விளக்கம் கேட்பவருக்குப் பதில் அளிக்க எப்போதும் ஆயத்தமாய் இருக்கவும், அதைப் பணிவோடும் மரியாதையோடும் செய்யவும் புனித பேதுரு நம்மைப் பணிக்கிறார் (1 பேது 3:15-16). நம்பிக்கையை ஏற்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் தெளிவாகக் கற்பித்துள்ளது. திணிப்பது தவறு. கேட்டவருக்குச் சொல்லாமல் விடுவதும் தவறுதான்.

மூன்றாவது, நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். திருப்பலிக்கு வராத மகனைக் கடிந்துகொள்வதைவிட, நாம் ஏன் செபிக்கிறோம் என்பதை ஒருமுறையாவது அவனிடம் மனம் திறந்து சொல்லியிருக்கிறோமா?

"உங்க சாமி எப்படிக் கணக்குப் பாப்பாரு?" என்று கேட்ட அந்தச் சகோதரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் நீண்டதன்று. பசித்தவருக்கு உணவும் தாகமுற்றவருக்குத் தண்ணீரும் கொடுத்தோமா, நோயாளியைப் பார்க்கப் போனோமா என்று அவர் கேட்பார் (மத் 25:31-46). கணக்குக் கேட்பவரே நமக்காகச் சிலுவையில் உயிரைக் கொடுத்தவர். அதனால்தான் அவர் இவ்வளவு காலம் காத்திருக்கிறார். அடுத்த நோயாளி வீடு வருவதற்குள் இதைச் சொல்லி முடித்திருக்கலாம். நோயாளிகளிடம் என்னை எத்தனையோ முறை கொண்டுபோய்ச் சேர்த்த அவரை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து, ஒவ்வொரு திருப்பலியிலும் நினைவுகூர்கிறேன்.

உங்களிடமும் யாரோ ஒருவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். இந்த வாரமே அவரைச் சென்று பாருங்கள். பொறுமையின் இறைவன், நம் கைகளுக்கு உழைப்பையும் நம் நாவுக்குக் கனிவான சொல்லையும் தந்தருள்வாராக. ஆமென்.