பாக்டீரியா பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம்

நம் குடலில் வாசம் செய்யும் ஈ. கோலி என்ற பாக்டீரியா, வெளியிலுள்ள நீரில் பொட்டாசியம் மிக அற்பமாக இருக்கும்போதும், தன்னுள்ளே அதைப் பல்லாயிரம் மடங்கு செறிவாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு குறைந்துபோனால் செல்லின் உள்ளழுத்தம் தளர்ந்து, புரத உற்பத்தியும் தடைப்பட்டுவிடும். ஆனால் செல்லைச் சூழ்ந்த ஜவ்வோ கொழுப்பினாலானது. மின்னேற்றமுள்ள அயனி எதையும் எளிதில் அது தன் வழியே விடாது. ஆகவே ஜவ்வில் பதிந்துள்ள புரதங்களே பொட்டாசியத்துக்கு வாயில்கள். தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் டிர்க், கப் என்பவை போதும். பஞ்ச காலத்தில்தான் கே.டி.பி. என்னும் விசேஷ யந்திரத்தைச் செல் தயாரித்துக்கொள்கிறது. அதன் மரபணுக்களைச் சிகாகோ சர்வகலாசாலையின் வோல்ஃப்காங் எப்ஸ்டைன் எழுபதுகளின் தொடக்கத்திலேயே இனங்கண்டார். ஒரு லிட்டர் நீரில் பொட்டாசியம் 0.1 மில்லிகிராம்கூட இல்லாதபோதும் கே.டி.பி. பாதி வேகத்தில் இயங்கும்.

உள்ளே தள்ளுவதைவிடத் தேர்ந்தெடுப்பதுதான், என் அபிப்பிராயத்தில், பெரிய ஆச்சரியம். சோடியம் அயனியின் ஆரம் சுமார் 0.95 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்தினுடையது 1.33, அப்படியிருக்கப் பெரியது நுழைகிறது, சிறியது வெளியே நின்றுவிடுகிறது! காரணத்தை 1998-இல், கே.சி.எஸ்.ஏ. என்ற மற்றொரு பாக்டீரியப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டு ராடரிக் மெக்கின்னன் காட்டினார். 2003-இல் ரசாயன நோபல் பரிசில் பங்கும் பெற்றார். தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைக் களைந்துவிட்டு வரும் பொட்டாசியத்தை, அப்புரதத்தின் குறுகிய வடிகட்டிச் சுவரிலுள்ள பிராணவாயு அணுக்கள் நீருக்குப் பதிலாகச் சரியான தூரத்தில் நின்று தாங்கிக்கொள்கின்றன. சிறிய சோடியத்துக்கோ அவை எட்டுவதில்லை, ஆகையால் அது நீரைக் களைய இசைவதில்லை.

கே.டி.பி.யில் இத்தகைய வடிகட்டி ஒரு புரதத்திலும், ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டுத் தள்ளும் பம்பு வேறொரு புரதத்திலும் இருக்கின்றன. இவ்விரண்டையும் சுமார் 40 ஆங்ஸ்ட்ராம் நீளச் சுரங்கம் ஒன்று இணைப்பது 2017-இல் வெளியான வடிவத்தில் புலனாயிற்று. அயனி அதன் வழியே பம்பை அடைந்து உள்ளே போகிறது என்பதைப் பின்னர் வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் உணர்த்தின. வடிகட்டிப் புரதத்தில் 116-ஆவது இடத்திலுள்ள குளூட்டமின் என்ற ஒரே அமினோ அமிலத்தை நீக்கி ஆர்ஜினைனை வைத்தால், பொட்டாசியத்தின்மேல் அதற்குள்ள பற்று ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.