கத்தரிப்பூவும் இசைக்கவையும்

மாணவர்களே! கல்வராயன் மலைத்தேனைச் சுவைத்திருப்பீர்கள். அத்தேனைச் சேர்க்கும் தேனீக்களுக்கு, மலையடியில் கள்ளக்குறிச்சித் தோட்டங்களில் பூக்கும் கத்தரிப்பூவிலிருந்து மகரந்தத்தை உலுக்கி எடுக்கத் தெரியாது! அதன் மகரந்தப்பையின் நுனியில் சிறு துளைகளே உண்டு.

நீலவரித் தேனீயும் கரிய தச்சுத் தேனீயும் இதில் வல்லவை. பூவைப் பற்றிக்கொண்டு, இறகை விரிக்காமலே, மார்புத் தசைகளை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரச் செய்கின்றன. மகரந்தம் பொலபொலவென உதிர்கிறது. காற்று அசைத்தாலும் கொஞ்சம் காய்க்கும். இவை வந்தால் நன்றாகக் காய்க்கும். நம்ப முடியவில்லையா? ஆய்வுக்கூடத்து இசைக்கவையைத் தட்டி, நன்கு மலர்ந்த பூவில் தொட்டுப் பாருங்கள்.

இவற்றுக்குப் பெட்டி வேண்டாம். நீலவரித் தேனீ வெறும் மண்ணில் வளை தோண்டும். தச்சுத் தேனீ காய்ந்த மூங்கிலைக் குடையும். ஆகவே தோட்டத்து மூலையில் சிமெண்டு பூசாதீர்கள், பழைய மூங்கிலை எரிக்காதீர்கள். செடி பூத்திருக்கையில் பூச்சிமருந்து வேண்டாமென்று வீட்டில் சொல்லுங்கள்.