கம்ப்ரசர் பெல்ட்டும் கிணற்று நீரும்

கவலை இறைத்த காலத்தில் கொங்குநாட்டு உழவர் விடியுமுன் கிணற்றடிக்கு வந்ததும் முதற்கண் வடத்தையும் வால்கயிற்றையுமே தடவிப் பார்ப்பார். ஒரு புரி அறுந்திருப்பினும் எருதைப் பூட்டமாட்டார். 1932ஆம் ஆண்டில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், கோவை வட்டாரத் தோட்டங்களில் மின்மோட்டார்கள் படிப்படியாகப் புகுந்தன, வடம் பரணேறிற்று. திறந்த கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின், பல இடங்களில் கம்ப்ரசர் வந்து சேர்ந்தது. மோட்டாருக்கும் கம்ப்ரசருக்கும் இடையே ஓடும் வி-பெல்ட்டே இன்று அந்த வடத்தின் வேலையைச் செய்கிறது. ஆனால் காலையில் தடவிப் பார்க்கும் வழக்கம் மட்டும் வடத்தோடு பரணேறிவிட்டது.

பல்லடம் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கண்டதைக் கூறுவோம். இளந்தென்னைகள் வாடி நின்றன. “தண்ணி வத்திப் போச்சுங்க; இன்னும் இருநூறு அடி ஓட்டோணும்” என்றார் தோட்டத்துக்காரர். துளைபோடும் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. மோட்டார் அறைக்குள் சென்று பார்த்தால், மூன்று பெல்ட்டுகளும் புல்லியின் காடிக்குள் ஆழ்ந்து கிடந்தன. கீழே கருந்தூள் படிந்திருந்தது. மோட்டாரை நிறுத்தித் தொட்டபோது புல்லி சுட்டது. புல்லியையும் மூன்று பெல்ட்டுகளையும் மாற்றினார்கள். குழாயில் பழைய அளவுக்கு நீர் வந்தது. துளைபோடும் வண்டி வேண்டாமென்று சொல்லியனுப்பப்பட்டது.

இது எவ்வாறு நேர்கிறதெனக் காண்போம். கம்ப்ரசர் நீரை இழுப்பதில்லை. காற்றை அழுத்திச் சிறு குழாய் வழியே துளையின் அடிக்கு அனுப்புகிறது. அங்கே காற்றுக் குமிழிகள் நீரோடு கலக்க, அக்கலவை சுற்றியுள்ள நீரினும் இலேசாகி மேலெழுகிறது. மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் முறைதான் இது. எனினும் துளைக்குள் சுழலும் உறுப்பு ஏதும் இல்லாமையால், மணல் வரும் இடத்திலும் நீர் குறைந்த இடத்திலும் மக்கள் இதனையே நாடுகின்றனர். பெல்ட் வழுக்கினால் காற்றுக் குறையும்; காற்றுக் குறைந்தால் நீர் விட்டுவிட்டு வரும், பின் நின்றே போகும். மோட்டாரோ வழக்கம்போல் ஓசையிட்டுச் சுழன்றுகொண்டிருக்கும். ஆதலின் பழி கிணற்றின்மேல் விழுகிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் உழவருக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதால் இவ்விழப்பு பணப்பையைத் தொடுவதில்லை; மும்முனை மின்சாரம் வரும் மணிக்கணக்கைத்தான் அது தின்கிறது.

பெல்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முதுகில் அச்சிட்ட எழுத்தையும் எண்ணையும் பார்த்தல் வேண்டும். ஏ வகை 13 மில்லிமீட்டர் அகலமும் 8 மில்லிமீட்டர் கனமும் உடையது. பி வகை 17க்கு 11. சி வகை 22க்கு 14. பி 85 என்றிருந்தால், பி வகை, உட்சுற்று நீளம் 85 அங்குலம் என்பது பொருள். கடையில் பி இல்லையென்று ஏ வகையை வாங்கி மாட்டுவோர் உளர். அது காடியின் அடியில் போய் உட்காரும். வி-பெல்ட் பிடிப்பது இரு பக்கச் சுவர்களால், அடியால் அன்று. காடியின் அடி பளபளவென்று மின்னினால், பெல்ட் அடிதட்டி ஓடுகிறது என்று அறியலாம். அந்நிலையில் புதுப் பெல்ட் மட்டும் மாட்டிப் பயனில்லை. தேய்ந்த புல்லியையும் மாற்றவேண்டும்.

மூன்றில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம்போல் தோன்றும். பழையன நீண்டிருக்கும், புதியது குறுகியிருக்கும். முழுப் பாரமும் புதியதன்மேல் விழுந்து அதுவும் விரைவில் அறும். மூன்றையும் ஒரே வகையில், ஒரே கம்பெனியினதாக, ஒருங்கே மாற்றுவதே நன்று. தேறிய பழையவற்றை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெயிலும் எண்ணெயும் எலியும் அணுகாத இடம் பார்த்து வைக்கவேண்டும்.

மாட்டும்போது கடப்பாரையால் நெம்பி ஏற்றும் பழக்கத்தைக் கண்டிப்பாக விட்டொழிக்க வேண்டும். உள்ளிருக்கும் நூலிழைகள் அறுவது வெளியில் தெரியாது. மோட்டாரின் அடிப்போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்னே நகர்த்திப் பெல்ட்டை மாட்டி, பின் இழுத்து முடுக்குவதே முறை. இரு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலைப் பிடித்தால் அது இரண்டையும் ஒரே நேராகத் தொடவேண்டும். இறுக்கத்துக்கும் எளிய கணக்கு உண்டு: இரு புல்லிகளுக்கிடையே பெல்ட் ஒரு மீட்டர் ஓடுமாயின், நடுவே கட்டைவிரலால் அழுத்த ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தாழலாம். மிகவும் தாழ்ந்தால் வழுக்கும். தாழவே இல்லையெனில் பேரிங் தேயும். புதுப் பெல்ட் ஒருநாள் ஓட்டத்தில் சற்று நீளும்; மறுநாள் மீண்டும் முடுக்கவேண்டும்.

எண்ணெய் ஆலைப் பெரியவர்கள் தட்டைத் தோல் பெல்ட்டுக்குக் குங்கிலியம் தூவிப் பிடிப்பேற்றுவர். அதே கைமருந்தை வி-பெல்ட்டுக்குச் செய்வது பிழை. அன்று பிடிக்கும், பின்பு ரப்பர் கெட்டு வெடிக்கும். கம்ப்ரசரிலிருந்து எண்ணெய் கசிந்து பெல்ட்டில் படுமாயின், துடைப்பதோடு நில்லாமல் கசிவையும் அடைக்கவேண்டும்.

காற்றுக் கூடட்டுமென்று மோட்டார் பக்கம் பெரிய புல்லி போடுவாரும் உண்டு. நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுழலும் மோட்டாரில் 15 சென்டிமீட்டர் புல்லியும் கம்ப்ரசரில் 30 சென்டிமீட்டர் சக்கரமும் இருந்தால் கம்ப்ரசர் 720 சுற்றுச் சுழலும். மோட்டார் புல்லியை 18 ஆக்கினால் 864 ஆகும். பாரமும் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். மோட்டார் சுருள் புகைந்த பின்னரே பலருக்கு இக்கணக்கு நினைவுக்கு வருகிறது! மின்கம்பி பழுதுபார்த்த மறுநாள் சுழலும் திசையையும் பார்த்துக்கொள்க. பல கம்ப்ரசர்களின் சக்கரக் கைகளே விசிறியாகவும் அமைந்தவை. திசை மாறினாலும் காற்று அழுந்தும், நீர் வரும், ஆனால் சிலிண்டர் சரிவரக் குளிராது. சக்கரத்தருகே பொறித்த அம்புக்குறியை நோக்கினால் ஐயம் தீரும்.

இவை யாவற்றினும் முந்தியது கம்பிவலை மூடி. ஓடும் பெல்ட்டில் சேலைத் தலைப்போ தோள்துண்டோ சிக்கினால், கைநீட்டிச் சுவிட்சை அணைக்கவும் நேரம் இராது. இரும்புச் சட்டத்தில் வலையடித்து மூட உள்ளூர்ப் பட்டறையிலேயே முடியும். பெல்ட்டைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பியூஸ் கட்டையையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தானே ஓடத்தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள தோட்டங்களில் மின்சாரம் எந்நேரமும் வரும். வேலை முடிந்ததும் பெல்ட்டின் எண்ணையும் மாட்டிய தேதியையும் அறைச்சுவரில் கரியால் எழுதிவைத்தால், அடுத்தமுறை கடைக்கு அறுந்த துண்டைச் சுமந்துசெல்ல வேண்டியதில்லை.