உஷார்! கம்பத்தின் காலைப் பாருங்கள்

மாசித் திருவிழா நெருங்கினால் நத்தத்தில் தெருவுக்குத் தெரு கம்பம் முளைத்துவிடும். கொடிக்கு ஒன்று, சீரியல் லைட்டுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. பூக்குழியன்று மாரியம்மன் கோயிலில் இளவட்டங்கள் ஏறும் கழுமரம் மண்ணுக்குள் ஊன்றிய மரம். தெருவில் நிற்கும் இரும்புக் கம்பங்கள் பல அப்படியில்லை. அடியில் ஒரு தகட்டை வெல்டிங் வைத்து, பேவர் பிளாக்கின் மேலேயே நாலு போல்ட்டை அடித்து முறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்கும்போதே பதறுகிறது.

கணக்கைப் பாருங்கள். 20 அடிக் கம்பத்தின் உச்சியை 10 கிலோ விசையோடு காற்று தள்ளுகிறது. தகட்டில் போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் அரையடிதான் இடைவெளி என்றால், ஒரு பக்கத்து இரண்டு போல்ட்டையும் சேர்த்து ஏறக்குறைய 400 கிலோ மேலே பிடுங்கும். மணலில் உட்கார்ந்திருக்கும் பேவர் பிளாக் அதைத் தாங்குமா? கல்லோடு பெயர்ந்து வரும்.

பாய்மரப் படகில்கூட இப்படி விடமாட்டார்கள். அங்கே பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை சுற்றிலும் இழுத்துக் கட்டிய வடங்கள். கால் நழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் அடித்தகட்டின் வேலை. அதற்கே பலகையை ஊடுருவி போல்ட்டை இறக்கி, கீழ்ப்பக்கம் இன்னொரு தகடு கொடுத்து முறுக்குவார்கள். நம் தெருக் கம்பத்துக்கு வடமும் இல்லை, கீழ்த்தகடும் இல்லை.

நிரந்தரக் கம்பமா? குழி தோண்டி, ஜல்லி கான்கிரீட்டுக்குள் வளைந்த ஆங்கர் போல்ட்டைப் புதைத்து, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆறவிட்ட பிறகே கம்பத்தை ஏற்றுங்கள். வாஷர் இல்லாமல் நட்டைப் போடாதீர்கள். மேலே இன்னொரு நட்டும் வேண்டும். நாலு நாள் விழாவுக்கான கம்பமா? நீளத்தில் ஆறில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்கி, கல் போட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள்.

பழைய கம்பத்தின் பெயிண்டை நம்பவே நம்பாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்குவது தகடும் குழாயும் சேரும் வெல்டிங் ஓரத்தில்தான். அங்கே சுத்தியலால் தட்டுங்கள். பொருக்கு உதிர்ந்தாலோ, குழாய் நசுங்கினாலோ அன்றே இறக்கிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், அண்ணாந்து பாருங்கள்! 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுப் பையன், கம்பம் மின்கம்பியில் பட்டு உயிரிழந்தான். சாய்ந்தால் எந்தப் பக்கமும் கம்பி எட்டாத இடமாகப் பாருங்கள். பிள்ளைகளைக் கம்பம் பிடிக்க விடாதீர்கள். கம்பியில் பட்டுவிட்டால் யாரும் கிட்டே போக வேண்டாம். உடனே மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987.