ஊரமைப்பும் சிறுவரும்

நம் ஊரைப் பார்க்க வரும் அந்நியர் ஒருவருக்கு நாம் எவற்றைக் காட்டுவோம்? கோயிலைக் காட்டுவோம், கல்லூரியைக் காட்டுவோம், சந்தையையும் அதன் அயலில் புதிதாய் எழுந்துள்ள மாடிக் கடைகளையும் காட்டுவோம். அவ்வூரிலே ஏழு வயதுப் பிள்ளையொன்று வீட்டிலிருந்து வாசிகசாலை வரை தனியே நடந்துபோய்த் திரும்பிவர இயலுமா என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ஆயினும் ஓர் ஊரின் நலத்தை அளப்பதற்கு இதனினும் நேர்மையான அளவுகோல் வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. சிறுவர்க்கு உகந்த ஊரை அமைப்பது எப்படி, அவ்வமைப்பிலே சிறுவரையும் பங்காளராக்குவது எப்படி என்பவற்றை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

எனது ஊர் கரவெட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி வல்லை வெளியைக் கடந்து வடமராட்சிக்குள் புகுந்து நெல்லியடிச் சந்திக்கு வருகின்றது. பெயரளவில் நெல்லியடி ஒரு சந்தி. நடைமுறையில் அது கரவெட்டி, துன்னாலை, வதிரி, கரணவாய் முதலிய சுற்றூர்களுக்கெல்லாம் ஒரு நகரம். அண்மையில் ஒரு மாலை, என் பேர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வீதியைக் கடக்க நின்றேன். "வாகனம் ஒன்றுமில்லை, வா பிள்ளை" என்றேன். அவள் அசையவில்லை. "அம்மப்பா, எனக்கு வான் மட்டுந்தானே தெரியுது" என்றாள்.

முழங்காலை மடித்து அவளுடைய உயரத்துக்குத் தாழ்ந்து பார்த்தேன். வீதியோரத்தில் நிறுத்தியிருந்த வானின் கதவும், கடை வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளும் அன்றி வேறொன்றும் என் கண்ணிற் படவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக நான் அறிந்திருந்த சந்தி, அன்று நான் அறியாத சந்தியாயிற்று. நான் கண்ட வீதி அவளுக்கு இல்லை. அவள் அஞ்சிய வீதி எனக்குத் தெரிந்ததுமில்லை.

உடலின் அளவறிந்து ஊரை அமைப்பது நம் முன்னோர்க்குப் புதிய கலையன்று. யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களிலே சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றி இறக்கி வைத்து, மீண்டும் தாமே எடுத்துச் செல்லத்தக்க உயரத்தில் அவை கட்டப்பட்டன. மாடுகள் உடலை உராய்ந்து தினவு தீர்ப்பதற்கென ஆவுரஞ்சிக் கற்களை நாட்டினார்கள். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் வீதியையே தன் கூரைக்குள் அடக்கி, வழிப்போக்கருக்கு நிழல் தந்து நின்றது. வீடுகளின் முன்னேயிருந்த சங்கடப் படலையோ, முன்பின் அறியாதவரும் சற்றே ஒதுங்கி இளைப்பாறுவதற்காக அமைந்தது. சுமப்பவன் தலைக்கும் பசுவின் விலாவுக்கும் அளவெடுத்த அப்பெருமக்கள், சிறுவர்க்கெனத் தனியே ஒன்றும் அமைக்கவில்லையே, ஏன்?

அதற்குத் தேவை இருக்கவில்லை என்பதே விடையாகும். ஒழுங்கைகள் எல்லாம் அவர்களுக்கு விளையாட்டிடமாயிருந்தன. கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகளில் ஒரு பொட்டு எப்போதும் இருக்கும்; அதனூடாகப் பிள்ளைகள் வளவுக்கு வளவு போய்வந்தார்கள். வேலிக்கு அப்பால் எப்போதும் ஒரு மாமியின் காதும் ஓர் ஆச்சியின் கண்ணும் விழித்திருந்தன. எனினும் உண்மையை முழுமையாகச் சொல்வதாயின், அந்த ஊர் எல்லாச் சிறுவர்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால் சில பிள்ளைகளுக்குச் சில கிணறுகளும், சில கோயில் வாசல்களும், சில பள்ளிக்கூட வாங்குகளும் மறுக்கப்பட்டன. ஆதலால் பழைய ஊரை அப்படியே மீட்கவேண்டும் என்பது என் கருத்தன்று. அதிலிருந்த நல்லதை எடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இடைக்காலத்தில் நேர்ந்த மாற்றங்கள் பல. 1987 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியிலே நடந்த இராணுவ நடவடிக்கையும், 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த போரும், வெளியே போகாதே என்ற ஒரு சொல்லையே ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கின. போர் ஓய்ந்தபின் வீதிகள் செப்பனிடப்பட்டன. அது வேண்டிய காரியமே. ஆனால் மேடுபள்ளம் நீங்கிய வீதியிலே வேகம் பெருகிற்று. உயிர்வேலிகள் இருந்த இடங்களில் மதில்கள் எழுந்தன. மதிலுக்குப் பொட்டும் இல்லை, கண்ணும் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் ரியூசன் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் மைம்மல் நேரத்திலே வீடு திரும்புகின்றார்கள். அந்நேரத்தில் மதிலுக்கும் மதிலுக்கும் இடையே விளக்கின்றிக் கிடக்கும் ஒழுங்கையில் சைக்கிளில் வரும் பெண்பிள்ளையின் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

வேகத்தைப்பற்றி ஒரு கணக்குச் சொல்லுகின்றேன். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் வண்டி, சாரதி ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து நிற்பதற்கு ஏறக்குறைய 12 மீற்றர் தூரம் எடுக்கும். வேகம் 50 ஆனால் அத்தூரம் ஏறக்குறைய இரு மடங்காகும். 20 மீற்றர் தொலைவில் ஒரு பிள்ளை வீதியில் இறங்கினால், முதல் வண்டி அப்பிள்ளைக்கு முன்னரே நின்றுவிடும், இரண்டாவது நிற்காது. இதனாலேதான் நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றரே எல்லையாக வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் நகரிற் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மகாநாடு வற்புறுத்தியது.

ஒல்லாந்து தேசம் இப்பாடத்தைக் கண்ணீரோடு கற்றது. 1971 ஆம் ஆண்டிலே மட்டும் அந்நாட்டில் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர் வீதி விபத்துகளில் மாண்டனர். பெற்றோர் திரண்டெழுந்து, சிறுவர் கொலையை நிறுத்துக என்று வீதிகளை மறித்தனர். பிள்ளைகளும் அவர்களோடு நின்றனர். அதன் பின்னரே குடியிருப்புத் தெருக்களில் வாகனம் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லவேண்டும் என்னும் முறையும், சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகளும் அங்கே பரவின. இன்று நாம் வியக்கும் ஒல்லாந்தின் வீதிகள் அந்நாட்டாரின் பிறவிக் குணத்தால் அமைந்தவையல்ல. பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டுப் பெற்றவை.

சிறுவரை எண்ணி ஓர் இடத்தை ஒதுக்கிய செயலுக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. கொழும்புக் காலிமுகத் திடலின் நடைபாதையை 1859 ஆம் ஆண்டில் நிறைவுசெய்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பு நகரத்துப் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளை வேண்டிக் கல்லிலே பொறித்து வைத்தார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்திடலிலே பிள்ளைகள் பட்டம் விடுகின்றார்கள். ஓர் இடம் இன்னாருக்கென்று வெளிப்படையாகச் சொல்லி வைத்தால், அதைப் பறிப்பவருக்கு ஒரு கூச்சமேனும் இருக்கும்.

உலக அளவில் இவ்வெண்ணம் 1989 ஆம் ஆண்டிலே சட்ட வடிவம் பெற்றது. அவ்வாண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12 ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களிலே கருத்துச் சொல்லும் உரிமையைச் சிறுவர்க்கு அளிக்கின்றது. 31 ஆம் உறுப்புரை விளையாடும் உரிமையை அளிக்கின்றது. 1991 இல் இலங்கையும் அதனை ஏற்றுறுதி செய்தது. 1996 ஆம் ஆண்டில் இஸ்தான்புல் நகரில் நடந்த குடியிருப்பு மகாநாட்டைத் தொடர்ந்து, சிறுவர்க்கு உகந்த நகரங்களுக்கான முயற்சியை யுனிசெப் நிறுவனம் தொடங்கியது. ஒல்லாந்தின் பேர்னாட் வான் லியர் மன்றம் 2016 இல் ஆரம்பித்த திட்டத்தின் பெயரிலே 95 என்ற எண் இருக்கின்றது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 சென்ரிமீற்றர். அவ்வுயரத்திலிருந்து நகரம் எவ்வாறு தோன்றும் என்று திட்டமிடுவோரைக் கேட்பதே அதன் நோக்கம். நெல்லியடிச் சந்தியில் என் பேர்த்தி எனக்குக் கற்பித்ததும் இதுவன்றோ?

இனி, சிறுவரைக் கேட்பது என்றால் என்ன? றொஜர் ஹார்ட் என்னும் அறிஞர் 1992 இல் யுனிசெப்புக்காக எழுதிய கட்டுரையிலே, சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். கீழுள்ள மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார் அவர். பெரியோர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை வாசிப்பது, அலங்காரத்துக்காகப் பிள்ளைகளை நிறுத்துவது, பெயருக்கு ஒரு பிள்ளையை மேடையில் இருத்துவது ஆகியனவே அம்மூன்று படிகள். பிரமுகர் வருகைக்காகப் பள்ளிப் பிள்ளைகளை மாலையுங் கையுமாக வெய்யிலிலே காக்க வைக்கும் வழக்கம் நமக்கு மிகவும் பழகியது. அதை நாம் சிறுவருக்கு அளிக்கும் பெருமை என்று நினைக்கின்றோம். அவ்வேணியிலே நமது கால் இன்னும் அடிப்படிகளிலேயே நிற்கின்றது.

மேலே ஏறியவர்களும் உள்ளனர். கர்நாடக மாநிலத்துக் குந்தாபுரம் பகுதியிலுள்ள கெரடி என்னும் ஊரிலே, 1990களில் சிறுவர் பஞ்சாயத்து ஒன்று உருவாயிற்று. உழைக்கும் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து தம் ஊரின் குறைகளைத் தாமே அளவிட்டனர். மழைக்காலத்தில் ஓடைகளைக் கடக்க மரத்தண்டுகளாலான வழுக்கும் பாலங்களே இருந்தன. அவற்றின் ஆபத்தை ஊராட்சியினர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அப்பிள்ளைகளே. பிரேசில் நாட்டின் பாரா மான்சா நகரிலே 1998 ஆம் ஆண்டு முதல், 18 ஆண்பிள்ளைகளும் 18 பெண்பிள்ளைகளும் கொண்ட சபையொன்று நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானித்தது.

எதிர்பாராத ஓர் உண்மையும் இத்தகைய முயற்சிகளால் வெளிவந்தது. 1990களின் பிற்பகுதியில், நகரங்களில் வளரும் சிறுவரைப்பற்றி யுனெஸ்கோவின் ஆதரவோடு பல நாடுகளில் ஆய்வு நடந்தது. குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் அல்லலுற்ற பெங்களூர்ச் சத்தியநகர்ச் சேரிப் பிள்ளைகள் தம் இடத்தைப்பற்றி அன்போடு பேசினர். அவர்களிலும் வசதியாக வாழ்ந்த மெல்பேண் புறநகர் இளையோரோ சலிப்போடு பேசினர். சத்தியநகர்ப் பிள்ளைகளுக்குத் தெருவிலே நடமாடும் சுதந்திரமும், அயலவரின் வாஞ்சையும், தோழரும் இருந்தமையே காரணம். இதனால் வறுமை நன்றென்று எவரும் சொல்லார். பணத்தைக் கொட்டி ஊஞ்சலும் சறுக்கியும் வைத்தாலே கடமை முடிந்தது என்று எண்ணுவோருக்கு இது நல்ல பாடம்.

கரவெட்டியில் இதைத் தொடங்குவது கடினமன்று. கிராம மட்டத்திலே சிறுவர் கழகங்கள் அமைக்கும் ஏற்பாடு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின்கீழ் ஏற்கெனவே உண்டு. பிரதேச செயலகத்திலே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உள்ளார். ஒழுங்கைகளும் விளக்குகளும் வடிகால்களும் வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபையின் பொறுப்பைச் சார்ந்தவை. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் நமது குறிச்சிகள் தோறும் இருக்கின்றன. இவற்றை இணைக்கும் நூலொன்றே வேண்டும்.

முதலில், ஒரு சனிக்கிழமை காலை வாசிகசாலையிலே பிள்ளைகளைக் கூட்டுங்கள். எல்லாக் குறிச்சிப் பிள்ளைகளும் வரவேண்டும். நடக்க இயலாத பிள்ளையும் வரவேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனியே பேச வாய்ப்புக் கொடுங்கள். பெரிய தாளிலே தத்தம் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை அவர்களே வரையட்டும். விருப்பமான இடத்துக்குப் பச்சை, அஞ்சும் இடத்துக்குச் சிவப்பு என்று குறிக்கட்டும். பின்னர் அந்தப் படத்தோடு அவர்கள் பின்னாலே நடந்து செல்லுங்கள், முன்னாலே செல்லவேண்டாம். மாரி காலத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் நடந்தால், வெள்ளம் நிற்கும் இடமும் நிழல் அற்ற இடமும் இரண்டும் தெரியும். மூன்றாவதாக, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஆகும் செலவைப் பிள்ளைகளுக்கே கணக்கிட்டுக் காட்டி, எது முதல் என்று அவர்களைத் தெரியச் செய்யுங்கள். நான்காவதாக, அவ்வேண்டுகோள்களைப் பிரதேச சபையில் முன்வைத்து, ஆகுமாயின் எப்போது என்றும், ஆகாதாயின் ஏன் ஆகாது என்றும் பிள்ளைகளிடம் திரும்பி வந்து சொல்லுங்கள். இந்நான்காம் படி தவறினால் முதல் மூன்றும் வீண். கேட்டுவிட்டு மறந்துபோகும் பெரியவரைப் பிள்ளைகள் இரண்டாம் முறை நம்பமாட்டார்கள்.

"பிள்ளைகள் வானத்து நிலவைக் கேட்பார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்?" என்று சிலர் ஐயுறலாம். கெரடியில் கேட்டது நிலவையன்று. ஓடையைக் கடக்க ஒரு பாலத்தை. பஸ் தரிப்பிடத்திலே ஒரு நிழல் மரம், மூடியில்லாத வாய்க்காலுக்கு ஒரு பலகைக்கல், கல்லூரி வாசலிலே வேகத்தைத் தணிக்கும் ஒரு மேடு, ஒழுங்கை முடக்கிலே ஒரு விளக்கு, இவற்றில் எது நம்மால் இயலாதது? முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதையும் பிள்ளைகளிடம் ஒப்படைக்குமாறு நான் சொல்லவில்லை. அவர்களிடமிருக்கும் அறிவு நம்மிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுமாறே சொல்லுகின்றேன். பிள்ளைக்குப் பாதுகாப்பான வீதி, ஊன்றுகோலோடு வரும் முதியவருக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் பாதுகாப்பானதே.

நேயர்களே, இன்றிரவு உணவுக்கு அமரும்போது உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "பள்ளிக்கூடம் போகிற வழியில் உனக்குப் பயமான இடம் எது?" விடை வந்ததும் புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். நாளைக் காலையில் அவ்விடத்துக்குப் பிள்ளையோடு நடந்துபோய், ஒரு முறை குனிந்து பாருங்கள். அங்கே கண்டதை ஒரு தாளில் எழுதி உங்கள் பிரதேச சபைக்கு அனுப்புங்கள். பிள்ளையின் கையெழுத்தும் அதிலே இருக்கட்டும்.